ஏழு கட்டைகளும் ஒரு கயிறும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, செந்தேரி மணல் கடலுக்குள் கால் நீட்டிக் கிடக்கிற இடத்தில் தேரித்துறை என்று ஓர் ஊர் இருக்கிறது. வரைபடத்தில் தேடினால் அகப்படாது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடலோரமாக நடந்து போனால் சுண்ணாம்பு பூசாமலே வெளுத்துப் போன கூரைகள் ஏழு தெரியும், அதுதான் ஊர். கூரை வெளுத்த கதையைக் கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள். உட்காரச் சொல்வார்கள், கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள், தங்கள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் உங்கள் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஆம்பிளைகளுக்குத் தொழில் சங்கு குளிப்பது. குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருக்கிற மச்சான் கையில். மச்சான் என்றால் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். வேறு ஒருவரையும் கயிறு பிடிக்க விடுவதில்லை, ஏனென்றால் தன் தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்று அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்திருந்தார்கள். கம்ப்ரசர் வந்து, காற்றுக்குழாய் வந்து, கண்ணாடி முகமூடி வந்த பிறகும் இடுப்புக் கயிற்றை மட்டும் விடவில்லை. ஒரு இழுப்பு என்றால் பை நிறைந்துவிட்டது. இரண்டு இழுப்பு என்றால் வள்ளத்தைத் தள்ளு. மூன்று இழுப்பு என்றால் என்னைத் தூக்கு.

சந்தியாகு தன் தங்கச்சி பிரகாசியின் புருஷன் அருளப்பனுக்குக் கயிறு பிடித்தவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதப் பகலில், கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்த நேரத்தில், அவன் கையில் கயிறு மட்டும் மேலே வந்தது. இடுப்பில் போட்ட முடிச்சு அவிழாமல், வட்டம் வட்டமாகவே, நடுவில் ஆள் இல்லாமல் வந்தது. "இழுப்பே வரல" என்று சந்தியாகு கரையில் சொன்னான். ஊர் நம்பியது. பிரகாசியும் நம்பினாள். அதோடு அவன் கடலை விட்டான், கல்யாணம் வேண்டாம் என்றான், டவுனில் ஒரு மரக்கடையில் தடி உருட்டுகிற வேலைக்குப் போனான்.

அந்த மரக்கடைக்கு ஈக்வடார் தேக்கு வரும். பூமியின் அந்தப் பக்கத்தில், பனி மூடிய மலையும் அலையடிக்கிற கடலும் ஒரே பார்வையில் அடங்குகிற தேசங்களிலிருந்து, கன்டெய்னரில் அடுக்கி, இரண்டு மாசக் கடல் தாண்டி வருகிற மரம். ஒரு நாள் அப்படி வந்த கன்டெய்னரின் கதவைத் திறந்ததும் லோடுமேன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பறவை எச்சத்தின் நாற்றம், அதுவும் இன்று நேற்றைய எச்சம் இல்லை, தலைமுறை தலைமுறையாகப் பறவைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசி முடித்த நாற்றம். தடிகளை எல்லாம் இறக்கிய பிறகு கடைசியில், கன்டெய்னரின் பின்சுவரை ஒட்டி, ஏழு மர மனிதர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

இரண்டு முழ உயரம், தண்ணீரில் அமிழ்ந்துவிடுகிற கனமான மரம். உடம்பில் துணி இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு கயிறு, அதையும் மரத்திலேயே செதுக்கியிருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது மட்டும் நிஜக் கயிறு, பருத்தி நூலில் முறுக்கியது. கண் இருக்க வேண்டிய இடத்தில் சிப்பி பதித்து, அந்தச் சிப்பியும் விழுந்துபோய், இரண்டு குழி. வாய் மட்டும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி லேசாகத் திறந்திருந்தது.

முதலாளி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பில்லுல இல்லாத சாமான் நமக்கு எதுக்கு?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "ஏ சந்தியாகு, உங்க கோயில்ல கையக் கட்டிக்கிட்டு ஒரு சாமி நிக்குமே, அது மாதிரில்லா இருக்கு. அறுக்கவும் மனசு வரல, வச்சிருக்கவும் மனசு வரல. நீ கொண்டு போயிரு" என்றார்.

சந்தியாகுவுக்கும் அப்படித்தான் பட்டது. தவக்காலத்தில் தேரித்துறைக் கோயிலிலிருந்து வெளியே எடுக்கிற கட்டுண்ட ஆண்டவர் சுரூபம் இதே நிலையில்தான் நிற்கும். ஏழையும் சாக்கில் சுற்றி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பின்கொட்டகையில் இறக்கினான். உபதேசியார் வியாகுலம் வந்து, சாக்கைப் பிரித்து, இரண்டை மட்டும் எடுத்துப் பார்த்தார்.

"வேதசாட்சிங்கடே இவங்க, வேதத்துக்காக உசிரக் குடுத்தவங்க" என்றார்.

"எந்த வேதசாட்சி, அண்ணாவி? ரெண்டும் ஒரே முகமா இருக்கே" என்றான் சந்தியாகு.

"கொல்லக் கொண்டு போகும்போது எல்லாரும் ஒரே முகமாத்தான் ஆவாங்க."

அந்தக் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. சுரூபம் கை உடைந்தாலோ கண் போனாலோ அதை எரிக்க மாட்டார்கள், உடைக்க மாட்டார்கள், குப்பையில் போடவே மாட்டார்கள். வெள்ளிக்கிழமை செபம் சொல்லி, வள்ளத்தில் ஏற்றி, பன்னிரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு ஆள் உயர, ஆழத்துக்குக் கொண்டு போய்க் கயிற்றில் இறக்கி விடுவார்கள். ஒரு வெள்ளிக்கு ஒரு சுரூபம். அதுவும் ஒரு அடக்கம்தான் என்பதால் இரண்டு பேரை ஒரே நாளில் சேர்த்து இறக்குவது மரியாதை இல்லை. கண் இல்லாத இந்தச் சாமிகளுக்கும் அதையே செய்வது என்று முடிவானது. கிளம்புகிற நேரத்தில் ஒருவன், பாவம், கைக்கயிற்றையாவது அவிழ்த்து விடலாமே என்றான். "ஆண்டவர் கட்டுண்டாரு, நாம யாரு அவுக்கதுக்கு?" என்று உபதேசியார் அவன் வாயை அடைத்துவிட்டார். முதல் கட்டை கட்டோடு கடலுக்குள் போனது.

மறுநாள் சனிக்கிழமை, வெயில் உச்சந்தலையில் நின்று மனுசர் நிழல் காலுக்குள் ஒளிந்துகொண்ட நேரத்தில், பதினாலு வருஷத்துக்கு முன்னால் கடலில் போன கஸ்பார் அலையிலிருந்து எழுந்து, போன அன்றைக்கு இருந்த அதே வயதில், அதே காக்கி டவுசரில், ஊரை நோக்கி நடந்து வந்தான். அவன் பெண்டாட்டி கித்தேரியம்மாள் வாசலில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். 

"மணல் காலோட உள்ள வராதீங்க" என்றாள். "கழுவிட்டு வாங்க."

அவன் கழுவவில்லை. கழுவ முடியவில்லை. அவனுடைய இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் சேர்ந்திருந்தன. கயிறு கிடையாது, காயம் கிடையாது, ஆனால் இரண்டு மணிக்கட்டும் ஒரே மரத்தில் கடைந்தது போல ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் பிரியவில்லை, தேங்காயெண்ணெய் போட்டு நீவினாலும் பிரியவில்லை. கித்தேரியம்மாள் தண்ணீர் மொண்டு அவன் காலைக் கழுவி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சோறு பிசைந்து ஊட்டினாள். அவன் கண்ணை இமைக்காமல் தின்றான். சாயங்காலத்துக்குள் கடல்மேல் திரிகிற ஆலாப் பறவைகள் நாற்பது ஐம்பது வந்து அவர்கள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்தன.

அடுத்த வெள்ளி இரண்டாவது கட்டை. அடுத்த சனி இரண்டாவது ஆள். கடலில் முதலில் போனவன் முதலில் வந்தான், அடுத்துப் போனவன் அடுத்து வந்தான், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒழுங்காக. தேரித்துறையில் கடலோடு போய் உடம்பு கிடைக்காதவர்கள் மொத்தம் ஏழு பேர். ஏழாவது, கடைசி ஆள், அருளப்பன்.

இரண்டாவது ஆள் வந்த அன்று ஊர் முழுக்கச் சந்தியாகு வீட்டு வாசலில் நின்றது.

"சாக்குல மொத்தம் எத்தனை இருக்குடே?" என்று உபதேசியார் கேட்டார்.

கூட்டத்தின் முன்வரிசையில் பிரகாசி நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை, அண்ணன் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தது ஆறு" என்றான் சந்தியாகு.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு ஏழாவது கட்டையை மரத்தூள் மூட்டைக்குள் புதைத்து, மூட்டை வாயைத் தைத்தான்.

பயம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்றால், திரும்பி வந்த கஸ்பார் எட்டாம் நாள் பேசினான். ஏழு நாள் ஊமையாகச் சுவரில் சாய்ந்து நின்றவன், எட்டாம் நாள், இரண்டாவது ஆள் வந்த அதே சனிக்கிழமை காலை, பூசை முடிந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கித்தேரியம்மாள் பக்கம் திரும்பி, "அன்னைக்கு வச்ச குழம்புல உப்பே இல்ல" என்றான். பதினாலு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்துவிட்டு வந்து சொன்ன முதல் பேச்சு அது, அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. உயிர் போகிற நேரத்தில் மனசில் என்ன இருந்ததோ அது ஒன்றுதான் அவர்களுக்குச் சொல்ல மிச்சம் இருந்தது என்று ஊர் புரிந்துகொண்டது. இரண்டாவது ஆள், "புலிப்பாருக்கு வடக்க, வெள்ளை மணல்ல ஒரு வலம்புரி கெடக்கு" என்றான். அந்தப் பாறைத்திட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், வலம்புரிச் சங்கு கிடந்தது. எனவே அவர்கள் சொல்வது பொய் இல்லை என்பதும் தெரிந்து போயிற்று. மூன்றாவது ஆள் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான், அது அவன் பெண்டாட்டியின் பெயர் இல்லை. அந்த வீட்டில் மட்டும் ஒரு வாரம் ஊட்டுகிற சோறு காரமாகவே இருந்தது.

அருளப்பன் வந்தால் எட்டாம் நாள் என்ன சொல்வான் என்பது சந்தியாகுவுக்குத் தெரியும். மூணு தடவை இழுத்தேன் என்பான்.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது ஊர். பங்குச்சாமி, கோயில் குருவானவர், சின்ன வயசுக்காரர், இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுத்து முடித்த ஆட்களுக்கு நற்கருணை கொடுக்கலாமா என்று மூன்று நாள் யோசித்து, "கை இல்லன்னா என்ன, நாக்கு இருக்குல்ல" என்று கொடுத்துவிட்டார். மரணம் பிரிக்கும் வரை என்று சொல்லிச் செய்த கல்யாணம் மரணம் பிரித்த பிறகு செல்லுமா என்ற கேள்வி அதைவிடச் சிக்கல், அதனால் எல்லா ஜோடிக்கும் மறுபடி ஒரு மந்திரிப்பு, அதாவது ஆசீர்வாதம், நடத்தினார். தாலி கட்ட மாப்பிள்ளைகளுக்குக் கை முன்னால் வராததால், பெண்கள் முதுகைக் காட்டி நிற்க, மாப்பிள்ளைகளும் முதுகைக் காட்டி நிற்க, முதுகும் முதுகும் ஒட்டிய நிலையில் விரல் தடவி முடிச்சுப் போட்டார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், ராத்திரி படுக்கும்போது அதை நினைத்துச் சிரிப்பு வரவில்லை. ரேஷன் கார்டில் பேர் சேர்க்க விரல் ரேகை வேண்டும் என்றார்கள். கஸ்பாரைத் திருப்பி நிறுத்தி, ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றி, பின்னால் இருக்கிற கட்டைவிரலை மிஷினில் வைத்தார்கள். மிஷின் நெடுநேரம் சுற்றி, கடைசியில் ஒரு படத்தைக் காட்டியது. அது ரேகை இல்லை. நூறு நூற்றைம்பது வருஷத்து மரத்தை அறுத்தால் உள்ளே தெரியுமே, வட்டத்துக்குள் வட்டமாக, அது. "நெட்வொர்க் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்றான் கடைக்காரன்.

ஆலாக்கள் குறையவில்லை. வீட்டுக்கு ஐம்பது என்று ஆறு வீட்டுக் கூரையிலும் உட்கார்ந்து எச்சமிட்டு எச்சமிட்டு, ஓடு தெரியாமல் வெள்ளையாக்கின. அந்த எச்சம் மழையில் கரைந்து இறங்கிய இடத்தில் முருங்கைகள் கொம்பு தாங்காமல் காய்த்தன. பெண்கள் காயைப் பறித்தார்கள், குழம்பும் வைத்தார்கள், ஆனால் முதல் கரண்டியைக் கடலில் ஊற்றிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சரித்திர வாத்தியார் வந்தார். உபதேசியார் செல்போனில் எடுத்து வைத்திருந்த கட்டைகளின் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"இது வேதசாட்சி இல்லீங்க. இந்த மரம் வந்த தேசங்கள்ல, மலைத்தொடருக்கு அடியில, கடலுக்குள்ள, பறவைத் தீவுகள் இருக்கு. அங்க எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுக்கும்போது பல ஆள் ஆழத்துல இந்த மாதிரி மரக் கைதிகள் கெடைச்சிருக்கு. ரொம்பப் பழசு. முதல்ல நெஜ ஆளைக் கட்டிக் கடலுக்குக் குடுத்திருப்பாங்க, அப்புறம் ஆளுக்குப் பதிலா மரம்னு சிலர் நெனைக்காங்க. அந்தப் பக்கத்து ஜனங்க மரத்தை மரமாப் பாக்கல. துணி போடுவாங்க, சோளத்துல சாராயம் காய்ச்சி ஊத்துவாங்க, கேள்வி கேட்டு பதில் வாங்குவாங்க."

"ஆளுக்குப் பதிலா மரத்தைக் குடுத்தா கடல் ஏமாந்துருமா, சார்?" என்றாள் கித்தேரியம்மாள்.

"ஏமாந்த மாதிரி நடிச்சிருக்கும்."

"இவங்க கைக்கட்டை அவுத்தா என்ன ஆகும்?"

வாத்தியார் கஸ்பாரைப் பார்த்தார். கஸ்பார் இமைக்காமல் அவரைப் பார்த்தான். "அவுத்துப் பாத்தவங்க யாரும் எழுதி வைக்கலம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.

ஆறு வெள்ளி முடிந்தது, ஆறு பேர் வந்தார்கள். ஏழாவது வெள்ளி வெறுமனே வந்து போனது. பிரகாசி அழவில்லை. அவள் ஒவ்வொரு வீடாகப் போய், கை முன்னால் வராத ஆம்பிளைக்குச் சோறு எப்படிப் பிசைய வேண்டும், கவளம் எவ்வளவு பெரிசு, முள்ளை எப்படிப் பார்த்து எடுப்பது, சட்டையின் முதுகைக் கிழித்து எப்படித் தைப்பது என்றெல்லாம் கற்றுக்கொண்டு வந்தாள். அப்படித் தைத்த சட்டை ஒன்று அவள் வீட்டுக் கொடியில் தொங்கியது. அண்ணனுக்குச் சோறு கொண்டு வருகிற ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான்.

"அண்ணே, இன்னைக்கு கன்டெய்னர் ஏதும் வந்துதா?"

"வந்துது."

"உள்ள யாரும் இருந்தாங்களா?"

"தடிதான் இருந்துது, தாயி."

"நல்லாப் பாத்தியா? மூலைல எல்லாம் பாத்தியா?"

பார்த்தேன் என்பான். அவள் அடுத்தவர்கள் வீட்டில் ஊட்டிப் பழகிய கையால் அவன் தட்டை எடுத்துக் கழுவிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். பின்கொட்டகையில் மூட்டைக்குள் அது சும்மாதான் இருந்தது. அசையவில்லை, தட்டவில்லை. சும்மா இருப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் மூட்டையின் தையல் வழியாக ஈரம் கசிந்து, நக்கிப் பார்த்தால் உப்பாக இருந்தது.

மனுசனிடம் மறைக்கலாம், பறவையிடம் முடியாது. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டுத் திரும்பிய பிரகாசி, அண்ணன் வீட்டுக்கு எதிரே வெயிலில் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுச் சோறு கொண்டு வந்தபோது வெறுமையாக இருந்த கூரைமேல் ஐம்பது ஆலா. ஓடு தெரியாமல் வெள்ளை.

"அண்ணே."

அவன் வெளியே வந்தான்.

"ஒன் வீட்டுக் கூரை ஏன் வெளுத்துக் கெடக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்தான். அவள் அவனைத் தாண்டிப் பின்கொட்டகைக்குப் போய், எந்த மூட்டை என்று கேட்காமல், ஈரமான மூட்டையைப் பார்த்து, மீன் கத்தியால் தையலை அறுத்தாள். மரத்தூளுக்குள் கையை விட்டு அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, முகத்திலிருந்த தூளை முந்தானையால் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எல்லாம் இருக்க முடியாது" என்றாள். "வள்ளத்தை எடு. நீ எடு. வேற யாரும் வேண்டாம்."

ஒன்பது வருஷம் கழித்துச் சந்தியாகு துடுப்பைத் தொட்டான். அவள் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. பறவைகள் வீட்டுக் கூரையை விட்டுக் கிளம்பி, வள்ளத்துக்கு மேலே சத்தமில்லாமல் கூடவே வந்தன. பன்னிரண்டு பாகத்தில் நிறுத்தினான். இடம் அவனுக்குத் தெரியும். அன்றைக்கு நிறுத்திய அதே இடம்.

"எதுக்கு ஒளிச்சு வச்ச?"

"மச்சான் வந்தா சொல்லிருவான்."

"என்னத்த?"

"இழுத்தான், தாயி. இழுப்பு வந்துது."

அவள் கட்டையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எத்தனை தடவ?"

"மூணு."

"நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

பீடி பற்ற வைத்தேன் என்று சொல்லலாம், தலை சுற்றியது என்று சொல்லலாம், ஒன்பது வருஷத்தில் அப்படி எத்தனையோ பதில்களைச் செய்து வைத்திருந்தான். "ஆமை பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.

"ஆமையா?"

"ரெண்டு ஆமை. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, வெயில்ல மினுமினுன்னு சுத்திச் சுத்தி வந்துச்சு. கயிறு கைல ஆடுனது தெரிஞ்சுது. இந்தா, இப்பம் இழுப்போம், இப்பம் இழுப்போம்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

பிரகாசி கட்டையை அவன் மடியில் வைத்தாள். "இறக்கு" என்றாள். "வரட்டும். வந்து சொல்லட்டும். நான் அவரு வாயால கேக்கணும்."

அவன் கட்டையின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். கட்டும்போதுதான் அதன் மணிக்கட்டு முடிச்சைக் கவனித்தான். இரண்டு சுற்று, ஒரு உள்வாங்கல், மேலே ஒரு கொக்கி. மச்சான் இடுப்பில் அவன் போடுகிற அதே முடிச்சு. உலகத்தின் அந்தப் பக்கத்துக் கடற்கரையில் எவனோ ஒருவன், எவனுடைய மச்சானோ, போட்டிருக்கிறான். கொடியில் தொங்குகிற முதுகு கிழித்த சட்டை ஞாபகம் வந்தது. ஆயுசு முழுக்கத் தங்கச்சி கவளம் உருட்டி ஊட்ட, மச்சான் சுவரில் சாய்ந்து நிற்கப் போவது ஞாபகம் வந்தது. யோசிக்கவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினான். எத்தனை காலத்து எச்சத்தில் இறுகிக் கிடந்த முடிச்சு, கயிறு பிடித்தவனின் விரலைத் தெரிந்துகொண்டது போலச் சட்டென்று நெகிழ்ந்தது.

"அண்ணே, என்ன செய்யுத? அவுக்கக் கூடாதுன்னாரே உபதேசியாரு."

"நான் கட்டுனது, நான் அவுக்கேன்."

அவிழ்த்த நூலைக் கடலில் எறிந்துவிட்டு, கட்டையை இறக்கினான். ஒரு பாகம், இரண்டு பாகம் என்று பிரகாசி எண்ணினாள். பன்னிரண்டில் அடி தட்டியது. ஊர் வழக்கப்படி அப்போது கயிற்றை விட்டுவிட வேண்டும். அவன் விடவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் தண்ணீரில் ஏதோ மினுமினுவென்று சுற்றியது, அவன் திரும்பவில்லை.

ஒரு இழுப்பு வந்தது.

இரண்டாவது இழுப்பு வந்தது.

மூன்றாவது வருவதற்குள் அவன் இழுக்க ஆரம்பித்திருந்தான். உள்ளங்கைத் தோல் உரிய உரிய, முழங்காலை அணியத்தில் கொடுத்து, மூச்சு விடாமல் இழுத்தான். கயிறு கனத்தது, மரத்தின் கனம் இல்லை, அது அவனுக்குத் தெரிந்த கனம். தண்ணீர் பிளந்தது. அருளப்பன் தலையை நீட்டி, வாயைத் திறந்து காற்றைக் குடித்து, வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும், ஆமாம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினான். பிரகாசி அந்தக் கைகளைத்தான் முதலில் தொட்டாள். பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

அவனுக்கு எட்டு நாள் தேவைப்படவில்லை. முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, சந்தியாகுவைப் பார்த்துக் கேட்டான்.

"அந்த ரெண்டு ஆமையப் பாத்தியா, மச்சான்? ஒனக்குக் காட்டணும்னுதான் இழுத்தேன்."

சந்தியாகு அவனைக் கட்டிப்பிடிக்கப் போனான். உடம்புதான் முன்னால் போனது. கைகள் வரவில்லை. அவை முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, ஒரே மரத்தில் கடைந்தது போல ஒட்டியிருந்தன. அவிழ்த்துப் பார்த்தவர்கள் ஏன் எழுதி வைக்கவில்லை என்பது பிரகாசிக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் துடுப்பை எடுத்தாள்.

ஊர் இதற்கும் பழகியது. முதுகு கிழித்துத் தைத்த சட்டை வீணாகவில்லை, சந்தியாகுவுக்குச் சரியாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு அருளப்பன் சோறு பிசைந்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, "ஆ காட்டு, மச்சான்" என்று ஊட்டினான். மூக்கு அரித்தால் சந்தியாகு முகத்தைச் சுளிப்பான், மச்சான் சொறிந்துவிடுவான். மற்ற நேரமெல்லாம் சந்தியாகு கடற்கரையில் உட்கார்ந்து ஆமை வருகிறதா என்று பார்ப்பான். நெஞ்சில் ஒன்பது வருஷமாக இருந்த கனம் போய்விட்டதாகவும், அது அப்படியே மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டதாகவும், அங்கே என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் அருளப்பன் தன் கையால் தேநீர் ஆற்றிக் குடிப்பதை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறு கட்டைகளும் பன்னிரண்டு பாகத்தில்தான் கிடக்கின்றன, முடிச்சு எப்படிப்பட்டது என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் தேரித்துறையில் புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, அப்பன் பிள்ளை, யார் யாரோடு பேச உட்கார்ந்தாலும் கைகளை எடுத்து மடியில் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள், அடுத்தவர் கையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆடி மாதம் பிறந்து நாலாம் நாள், கஸ்பார் வாசலில் உட்கார்ந்து தன் கையால் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். உப்பு டப்பாவை அவனே எடுத்து, அவனே போட்டுக்கொண்டான். பக்கத்தில் கித்தேரியம்மாள், ஈரத் தலையும் ஈரச் சேலையுமாக, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், கை இரண்டும் பின்னால்.

அவளுக்கு நீந்தத் தெரியும் என்பது அன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது.